நிலா என்னும் பெயர்

(ஒரு கிராமத்தில் நடைபெற்ற பெயர்சூட்டு விழாவில் பேசியது)



இன்று இவ்விடத்தில் நடைபெறுவது ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கும் வைபவமாகும். இதற்குப் புரோகிதர் இல்லை. ஓமப் புகை இல்லை. பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறிக்கவும் இல்லை. வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் நேரம் எதுவோ அதுவே நல்ல நேரமென்று வைத்துக்கொண்டு, உங்கள் எல்லோருடைய முன்னிலையிலும் பெற்றோர்கள் தாங்களாகவே தங்கள் குழந்தைக்குப் பெயர் வைக்கப் போகிறார்கள். அந்தப் பெயர் "நிலா" என்பதாகும். அதைப்பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு குழந்தைக்குப் பெயர் வைப்பது இரண்டு நிமிஷ வேலைதானே, இதற்கு ஒரு பிரசங்கம் எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பது நியாயந்தான். ஆனால், இந்த நாட்டில் பெயர் என்பது வெறும் கூப்பிடுகிற ஓசையாக மாத்திரம் இருந்ததில்லை. இவன் இன்ன ஜாதி, இவள் இன்ன நிலைமைக்குரியவள், இவர்களை இவ்வளவுக்குத்தான் மதிக்கலாம் என்று கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட சீட்டாகவே அது இருந்து வந்திருக்கிறது. ஆதலால்தான் இதைப்பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

நாம் இங்கு வந்து உட்கார்ந்ததும் குழந்தையின் பாட்டியார் நம்மிடம் வந்தார். "ஐயா, நிலான்னு பேர் வைக்கிறீங்களே, அது மாசத்துல பாதி நாள் தேயுதே! எம் பேத்தி வாழ்வும் அப்படித் தேஞ்சு போயிட்டா என்ன செய்யிறது?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த சில வாலிபர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. "அம்மா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டோம். அந்தம்மாள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போதும்பொண்ணு" என்று சொன்னார். அவர் தம் பெற்றோருக்கு நாலாவது பெண்ணாம். இனிப் பெண் பிறக்காமலிருக்க வேண்டுமென்று சாமிக்குப் போட்ட விண்ணப்பத்தையே பிள்ளைக்குப் பெயராக வைத்துவிட்டார்களாம். இதைச் சபையில் சொல்லலாமா என்று கேட்டதற்கு, "சொல்லுங்க ஐயா, நாலு பேர் தெரிஞ்சுக்கட்டும்" என்று அனுமதி கொடுத்தார். ஆகையால் சொல்லுகிறோம்.

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். ரேஷன் கடையிலும், ஓட்டுச் சாவடியிலும், ஆஸ்பத்திரியிலும், பிள்ளைகளுடைய கல்யாணப் பத்திரிகையிலும் ஒருவரை ஆயுள் முழுவதும் "போதும்பொண்ணு" என்று அழைத்தால் அதற்கு அர்த்தம் என்ன? "நீ பிறந்திருக்கவே வேண்டியதில்லை" என்று தினந்தோறும் ஞாபகப்படுத்துவதல்லாமல் வேறென்ன? இது இந்த அம்மாள் ஒருவருடைய கதையல்ல. "போதும்பொண்ணு" என்றும், "வேண்டாம்" என்றும் பெயர் சுமந்த பெண்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருக்கிறார்கள். இந்த வியாதி நம்மோடு நின்றதுமல்ல. மராட்டிய தேசத்தில் வேண்டாதவள் என்று அர்த்தப்படுகிற "நகுசா" என்ற பெயரைப் பெண் குழந்தைகளுக்கு வைத்து வந்தார்கள். 2011-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சதாரா ஜில்லாவில் அப்படிப்பட்ட 285 பெண்களை ஒரே இடத்தில் கூட்டி, அவர்களுக்கு வேறு பெயர் வைத்தார்கள். ஒரு ஜில்லாவில் மாத்திரம் 285 பேர் என்றால், கணக்கெடுக்காத இடங்களைப்பற்றி நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆகவே, பெயர் வாழ்வைக் கெடுக்குமோ என்று இந்த அம்மாள் பயப்படுவது பஞ்சாங்கத்தைப் பார்த்தல்ல; தமது சொந்த அனுபவத்தைப் பார்த்தேயாகும். பெயருக்குச் சக்தி உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் அந்தச் சக்தி ஆகாயத்திலிருந்து வருவதல்ல. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற மனிதர்களுடைய எண்ணத்திலிருந்து வருவதாகும். இதுதான் நாம் இன்று சொல்ல வந்த முக்கிய விஷயம்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போமானால், அதற்குச் சாஸ்திர ஆதாரமே இருக்கிறது. மனுதர்மத்தின் இரண்டாவது அத்தியாயத்தில், பிராமணனுக்கு மங்களகரமான பெயரும், க்ஷத்திரியனுக்குப் பலம் தோன்றும் பெயரும், வைசியனுக்குப் பொருள் தோன்றும் பெயரும் வைக்க வேண்டும் என்றும், சூத்திரனுக்கு மாத்திரம் இழிவு தோன்றும் பெயர் வைக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. நம் முன்னோர்களில் எத்தனையோ பேர் மண்ணாங்கட்டியாகவும், குப்பையாகவும், பிச்சையாகவும் வாழ்ந்து செத்தார்கள். பிள்ளை தங்க வேண்டுமென்ற பயத்தினால் அப்படி வைத்தோம் என்று சிலர் சொல்லுவார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால், இழிவான பெயர் வைத்தால்தான் எமன் விட்டுவைப்பான் என்ற பயம் பங்களாவில் இருந்தவனுக்கு ஏன் வரவில்லை, குடிசையில் இருந்தவனுக்கு மாத்திரம் ஏன் வந்தது என்று கேட்கிறோம்.

அதே புத்தகத்தின் மூன்றாவது அத்தியாயத்தில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. நட்சத்திரத்தின் பெயர், மரத்தின் பெயர், நதியின் பெயர், மலையின் பெயர், பட்சியின் பெயர் முதலியவற்றைக் கொண்ட பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்தப்படி பார்த்தால் ரோகிணிக்கும் ரேவதிக்கும் கல்யாணம் இல்லை. கங்காவுக்கும் காவேரிக்கும் கல்யாணம் இல்லை. சாஸ்திரத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களே தங்கள் பெண்களுக்கு இந்தப் பெயர்களை வைத்துக் கல்யாணமும் செய்து கொடுக்கிறார்கள். அவர்களுக்குச் சௌகரியப்படாத இடத்தில் சாஸ்திரம் விட்டுக் கொடுக்கும். நமக்கு மாத்திரம் விட்டுக் கொடுக்காது!

நிற்க, ஜோசியர் கொடுக்கும் எழுத்தைப்பற்றிப் பார்ப்போம். குழந்தை பிறந்ததும், இன்ன நட்சத்திரம், இன்ன பாதம், ஆகையால் இன்ன எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்று சொல்லுகிறார்கள். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், ஆக 108 எழுத்துக்கள் என்பது அவர்கள் கணக்கு. ஜன்ம நட்சத்திரம் என்பது என்ன? குழந்தை பிறந்த நேரத்தில் ஆகாயத்தில் இந்த நிலா எந்த நட்சத்திரத்துக்கு நேராகத் தெரிந்ததோ அதுதான். நிலா பூமியை ஒரு தடவை சுற்றி வருவதற்கு 27 நாளும் ஏறக்குறைய 8 மணி நேரமும் ஆகிறது. ஆகவே, நாளைக்கு ஒரு நட்சத்திரம் என்று பங்கு போட்டு வைத்தார்கள். நாள் கணக்கு வைப்பதற்கு அது ஒரு நல்ல வழிதான். கடிகாரமும் காலண்டரும் இல்லாத காலத்தில் அதைக் கண்டுபிடித்தவர்கள் புத்திசாலிகள்தான். ஆனால் கடிகார முள் மூன்றில் நிற்கும்போது பிறந்தவனுக்கு ஒரு குணம், நாலில் நிற்கும்போது பிறந்தவனுக்கு ஒரு தலைவிதி என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளுவீர்களா? நம் தேசத்தில் ஒரு நாளைக்கு 50,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் பிறக்கின்றன. அத்தனைக்கும் ஏறக்குறைய ஒரே நட்சத்திரந்தான். அவர்களில் ஒருவன் மாளிகையிலும் ஒருவன் நடைபாதையிலும் கிடப்பதற்கு நட்சத்திரம் என்ன பதில் சொல்லும்?

இப்போது புதிதாக எண் ஜோசியம் என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. இங்கிலீஷ் எழுத்தில் ஒரு எழுத்தைக் கூட்டினால் யோகம், குறைத்தால் நஷ்டம் என்கிறார்கள். குழந்தைக்கு வைப்பது தமிழ்ப் பெயர்; அதன் யோகம் மாத்திரம் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கிறதாம்! இப்படி எழுத்தைக் கூட்டிக் குறைப்பதனால் நிலா என்பது நீலா என்றும் நிளா என்றும் ஆகிவிடுகிறது. நீலா என்பது நீல நிறத்தைக் குறிக்கும் வேறு சொல். நிளா என்பது மலையாள தேசத்தில் ஓடும் பாரதப்புழை ஆற்றின் பெயர். மூன்றும் வேறு வேறு. ஆகையால் பெற்றோர்கள் முதலில் தமிழ் எழுத்தில் திருத்தமாக எழுதிவிட்டு, அதற்குப் பிறகு மற்ற எழுத்தில் எழுதட்டும்.

இனி இந்தப் பெயரின் பொருளைப்பற்றிச் சொல்லுவோம். நம் தாய்மார்களில் சந்திரா, சந்திரிகா, சசிகலா, இந்துமதி, பூர்ணிமா என்று பெயர் கொண்டவர்கள் அனேகம் பேர் உண்டு. அவையெல்லாம் நிலாவைப் பற்றிய பெயர்களே. சசி என்றால் முயலை உடையது என்று அர்த்தம். நிலாவில் தெரியும் கறையை முயல் என்று நினைத்த காலத்துப் பெயர். இவையெல்லாம் வடமொழிப் பெயர்கள். அந்தப் பெயர் கொண்டவர்களை நாம் குறை சொல்ல வரவில்லை. பெயர் அவர்கள் கேட்டு வாங்கியதல்ல. ஆனால் நமக்கு நம் பாஷையில் சொல் இல்லாமலா போயிற்று என்ற கேள்வி சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. 1916-ல் வேதாசலம் என்பவர் மறைமலையடிகள் ஆனார். 1929-ல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானம் செய்யப்பட்டது. பெயரின் வாலை வெட்டியதோடு நில்லாமல், பெயரையே தமிழாக வைக்கிற வழக்கம் அதன் பிறகு ஊர் ஊராகப் பரவிற்று. நிலா, வெண்ணிலா, இளநிலா, பிறைமதி, நிலவழகி என்ற பெயர்களெல்லாம் அந்த மாறுதலில் முளைத்தவைதாம்.

பழைய தமிழ்ப் பாட்டுக்களில் ஆகாயத்தில் தெரியும் உருண்டைக்குத் திங்கள் என்றும் மதி என்றும் பெயர். இளங்கீற்றுக்குப் பிறை என்று பெயர். நிலா, நிலவு என்பவை அங்கே பெரும்பாலும் அதன் வெளிச்சத்தைக் குறித்து வந்தன. வெண்ணிலா என்றால் வெண்மையான வெளிச்சம். பிறகுதான் வெளிச்சத்தின் பெயர் உருண்டைக்கும் ஆயிற்று. ஆகவே நிலா என்று ஒரு பெண்ணைக் கூப்பிடும்போது, வெளிச்சமே என்று கூப்பிடுகிறோம். இதில் சாமி இல்லை, ஜாதி இல்லை. திண்ணையில் சோறூட்டுகிற எந்த வீட்டுத் தாயும் குழந்தைக்குக் காட்டுகிற பொருள் அது. மேல்ஜாதித் தெருவுக்கு ஒரு நிலா, சேரிக்கு ஒரு நிலா என்று பிரித்து வைக்க எவனாலும் முடியவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வடமொழிப் புராணத்தில் சந்திரன் ஒரு ஆண்பிள்ளை. 27 நட்சத்திரமும் அவனுக்குப் பெண்சாதிகள். அவர்களில் ரோகிணியிடம் மாத்திரம் பிரியமாயிருந்ததனால் மாமனார் சாபம் கொடுத்தாராம், அதனால் தேய்கிறானாம். போதாக்குறைக்குக் குருவினுடைய மனைவி தாரையையும் கொண்டு போனானாம். இப்படிப்பட்டவனை நவக்கிரகத்தில் ஒருவனாக நிறுத்தி, நம் பெண்களை விட்டுச் சுற்றிக் கும்பிடச் சொல்லுகிறார்கள். தொல்காப்பியமோ, ஞாயிறு, திங்கள் என்னும் சொற்களை ஆண் என்றும் பெண் என்றும் பால் பிரிந்து இசையாத சொற்களில் சேர்த்துச் சொல்லுகிறது. திங்கள் எழுந்தது என்பதுதான் தமிழ் வழக்கு, எழுந்தான் என்பதல்ல. பெண்சாதியும் இல்லை, மாமனாரும் இல்லை, சாபமும் இல்லை.

இப்போது பாட்டியார் கேட்ட கேள்விக்கு வருவோம். அம்மா, நிலா தேய்வதே இல்லை. அது 3,474 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு கல் உருண்டை. நம்மிடமிருந்து சராசரி 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதற்குச் சொந்த வெளிச்சம் இல்லை; அதன்மேல் அடிக்கிற வெயில்தான் நமக்கு நிலவாகத் தெரிகிறது. கிரகண நேரம் நீங்கலாக, எந்நேரமும் அதன் ஒரு பாதியில் வெயில் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பாதியில் நாம் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தெரிகிறதோ அதற்குத்தான் பிறை என்று பெயர். சந்தேகமிருந்தால் வீட்டில் ஒரு விளக்கை ஏற்றி வைத்து, ஒரு பந்தைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றிப் பாருங்கள். பௌர்ணமி, அமாவாசை எல்லாம் உங்கள் கையிலேயே தெரியும். அமாவாசை அன்று நிலா செத்துப் போகவில்லை. வெளிச்சமுள்ள பக்கம் நம் கண்ணுக்கு எதிர்ப்புறமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நம் பெண்களுடைய சங்கதியும் இதுதான் என்று சொல்லுவோம். அவர்களிடம் அறிவு குறைந்துவிடவில்லை. அதைப் பார்க்கிறவன் நிற்கிற இடந்தான் கோளாறு.

கறை என்கிறார்களே, அது முயலுமல்ல, பாவமுமல்ல. 300 கோடி வருஷங்களுக்கும் முன்னால் நெருப்புக் குழம்பாக வெளிப்பட்டுப் பள்ளங்களில் பரவி இறுகிப்போன கருங்கல் சமவெளி. 1609-ல் கலிலியோ தூரதிருஷ்டிக் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தபோதே அங்கே மலையும் பள்ளமும் இருப்பது தெரிந்து போயிற்று. கிரகணம் என்பதும் பூமியின் நிழலில் நிலா புகுந்து வெளிவருவதுதான். நிலாவின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அது நேருவதில்லை. இந்த நிழலுக்குப் பயந்து கர்ப்பிணிப் பெண்களைச் சோறு தண்ணீர் இல்லாமல் இருட்டறையில் அடைத்து வைக்கிறார்களே, அந்தத் தண்டனையை ராகுவா கொடுக்கிறான்? நாம்தானே கொடுக்கிறோம்!

1969-ம் வருஷம் ஜூலை மாதம் 20-ந் தேதி மனிதன் நிலாவில் இறங்கினான். அது முதல் 1972 வரையில் 12 பேர் அங்கே நடந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் ஆண்களே. நம் தேசத்திலிருந்து 2008-ல் சந்திரயான் போயிற்று. நிலாவில் தண்ணீர் இருப்பதற்கான அத்தாட்சி கிடைத்தது. அதன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, தமிழில் படித்தவர். 2019-ல் இரண்டாவது சந்திரயானுக்குத் திட்ட இயக்குநராக இருந்தவர் வனிதா என்னும் பெண்மணி. அந்தத் தடவை இறங்குகிற கருவி விழுந்து கெட்டது. யாரும் சாந்தி செய்து உட்கார்ந்துவிடவில்லை. தப்பு எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்தினார்கள். 2023-ம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 23-ந் தேதி மூன்றாவது சந்திரயான் நிலாவின் தென்துருவத்துப் பக்கமாக மெதுவாக இறங்கிற்று. திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல், ஒரு ரெயில்வே தொழிலாளியின் மகன். இணைத் திட்ட இயக்குநர் கல்பனா காளஹஸ்தி என்னும் பெண்மணி. இவர்களெல்லாம் எந்த எழுத்தில் பெயர் வைத்ததனால் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்? படித்ததனால் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆனால் நம்மவர்களுடைய புத்தி எப்படியிருக்கிறது பாருங்கள். கருவி இறங்கிய இடத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. "சிவசக்தி" என்று பெயர் வைத்தார்கள். இரவு பகலாகக் கண் விழித்துக் கணக்குப் போட்டவர்கள் மனிதர்கள். பெயர் மாத்திரம் சாமிக்கு! நாம் பெண்ணுக்கு நிலாவின் பெயரை வைக்கிறோம். அவர்கள் நிலாவுக்கே கொண்டுபோய்ச் சாமியின் பெயரை வைக்கிறார்கள். எது முன்னேற்றம் என்று நீங்களே தீர்மானம் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. நிலா என்ற பெயரைப் புராணம் கெடுக்காவிட்டாலும் கவிராயர்கள் கெடுத்துவிடுவார்கள். நிலாமுகம், நிலா நெற்றி என்று பெண்ணைப் பார்க்கிற பண்டமாக வைத்து வர்ணிப்பதே அவர்கள் தொழில். அழகாயிருக்கிறது என்பதற்காக இந்தப் பெயரை வைத்து, பெண்ணையும் அழகுக்காகவே வளர்த்து, நகை போட்டு, பதினெட்டு வயதில் ஒருவனிடம் ஒப்படைத்துவிடுவீர்களானால், போதும்பொண்ணு என்ற பெயருக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. அது பச்சையாகச் சொல்லிற்று. இது மினுக்கிச் சொல்லும். பெயர் பகுத்தறிவுப் பெயராயிருந்து வாழ்வு அடிமை வாழ்வாயிருந்தால் என்ன பிரயோஜனம்? ஆகையால் இந்தக் குழந்தையை அவள் இஷ்டப்படுகிற வரையில் படிக்க வையுங்கள். சொத்தில் அண்ணன் தம்பிக்குள்ள பங்கை அவளுக்கும் கொடுங்கள். பெயருக்கு முன்னால் போடுகிற எழுத்தில் தகப்பன் எழுத்தோடு தாயின் எழுத்தையும் சேர்த்துப் போடுங்கள், பெற்றவள் அவளல்லவா? ஜாதி வால் மாத்திரம் எங்கேயும் ஒட்ட வேண்டாம்.

இன்னொரு காரியமும் மறந்துவிடக்கூடாது. பிறப்பை 21 நாளைக்குள் பதிவு செய்துவிட்டு, பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு வருஷத்துக்குள் போனால் பெயரைக் கட்டணமில்லாமல் எழுதிக் கொடுப்பார்கள். நாளைக்கே போய் எழுதி வாங்குங்கள். கூட்டத்தில் வைத்த பெயர் ஏட்டில் ஏறினால்தான் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் ஏறாமலிருக்கும்.

பாட்டியார் கையில் குழந்தை இருக்கிறது. பெயரை முதல்முதலாகச் சொல்லிக் கூப்பிட வேண்டியவர் நாமல்ல, அவரே என்று கேட்டுக்கொள்ளுகிறோம். போதும் என்று அழைக்கப்பட்ட ஒருவர் தம் பேத்தியை வெளிச்சமே என்று அழைக்கட்டும். அதைக் கேட்டுவிட்டு, நாமும் நமது பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.